மூன்றாம் கியர் கழன்ற இறக்கம்

பதினோரு வயதில் என்னை ஒற்றனாக நியமித்தார்கள். சிரிக்காதீர்கள். உங்களில் சிலர் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். என் தைரியம் எம்புட்டு என்று உங்களுக்குத் தெரியும். விருதுநகரில் பிறந்து, பட்டாசு வாடையிலேயே வளர்ந்தும், வெடிக்குத் திரி கிள்ளிக் கொடுத்துவிட்டு மூன்று வீடு தள்ளிப் போய் நின்றுகொள்கிறவன் நான். அப்படிப்பட்டவனை நம்பி, ஒரு மனிதரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் வேலையை அப்பா ஒப்படைத்தார்.

அப்பாவுக்குச் சிமெண்ட், கம்பிக் கடை. கடைக்கென்று ஒரு பழைய லாரி. எங்களிடம் வருவதற்கு முன்பே அது மூன்று பேரிடம் உழைத்து ஓய்ந்திருந்தது. காலையில் ஆலங்குளம் போய்ச் சிமெண்ட் மூட்டை ஏற்றும். சிவகாசி, ஆனைக்குட்டம் வழியாக மதியத்துக்குள் கடைக்குத் திரும்பும். அதன் கியர் கம்பி தரைத் தகட்டில் உள்ள ஓட்டை வழியாக நேராகக் கியர் பெட்டிக்குள் இறங்கும். கம்பியின் தலையில் கண்ணாடி மாதிரி ஒரு குமிழ். உள்ளே சிவப்பு ரோஜா. பிளாஸ்டிக் ரோஜாதான். ஆனால் வெயில் பட்டால் அது மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பின்னாளில் வண்டியை விற்றபோது அந்தக் குமிழை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். கேட்க வாய் வரவில்லை.

கேபினுக்குள் டிரைவரண்ணன் காலண்டர் தாள்களை ஒட்டியிருந்தார். அச்சாபீஸில் கழித்துப் போட்டவை. ஒரு முருகனுக்கு நிறம் விலகி, கண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் விழுந்திருந்தது. டிரைவரண்ணன் வேதக்காரர்; கண்ணாடியில் ஒரு சின்னச் சிலுவை தொங்கும். "மொதலாளி வீட்டுச் சாமிக்கும் எடம் குடுக்கணும்ல தம்பி" என்பார். நாலு கண்ணும் என்னையே பார்க்கும். நான் இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருவேன்.

அந்த வருஷம் மாசியில், குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் அந்த லாரியில்தான் போனோம். கியர் கம்பி ஓட்டை வழியாக இன்ஜின் சூடு வந்து அம்மாவின் காலைச் சுட்டது. "இதுல மனுசன் உக்காருவானா? தோசைக்கல்லுல உக்காந்த மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னாள். மறுநாளே அப்பா கடையிலிருந்து ஒரு தகடு எடுத்து, தானே அளந்து, தானே வெட்டி, கம்பி நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டு, தரையில் அடித்துவிட்டார். அழகான வேலை. வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் டிரைவரண்ணன் சொல்ல ஆரம்பித்தார்: "மொதலாளி, தேர்டு கியர் நிக்க மாட்டேங்குது. எறக்கத்துல தானா வெளிய வந்துருது."

அப்பா நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குக் கதை புரியும். எங்கள் பக்கத்து லாரி முதலாளிகள் எல்லோருக்கும் ஒரே ஒரு சந்தேகம் உண்டு. இறக்கத்தில் டிரைவர் வண்டியை நியூட்ரலில் தட்டிவிட்டு உருள விடுவான், டீசல் மிச்சமாகும், மிச்சத்தை வெளியில் விற்றுவிடுவான். செய்கிறவர்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அதனால் 'கியர் தானாக நியூட்ரலுக்கு வருகிறது' என்று ஒரு டிரைவர் சொன்னால், முதலாளி காதில் அது புகாராக விழாது. பிடிபடுவதற்கு முன்பே சொல்லிவைக்கிற சாக்காக விழும்.

இருந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டினார்கள். அவர் கியர் பெட்டியை இறக்கித் திறந்தார். கியரை இடத்தில் பிடித்து வைக்கும் குண்டையும் ஸ்பிரிங்கையும் மாற்றினார். பத்து நாளில் மறுபடி அதே புகார். மறுபடி திறந்தார். பல்லெல்லாம் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டி இன்னும் பத்து வருசம் ஓடும். என் பல்லை விட இதுக்குப் பல்லு நல்லாயிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே வண்டியை ஆனைக்குட்டம் வரை ஓட்டிப் பார்த்தார், மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஓடைப் பாலத்து இறக்கத்தில் மூன்று தடவை இறங்கினார். மூன்றாம் கியர் அசையவில்லை. காலி வண்டி அது. அந்த விஷயம் அப்போது யாருக்கும் விஷயமாகப் படவில்லை.

"பெட்டியில ஒண்ணும் இல்ல மொதலாளி, வேற என்னவோ அதைத் தள்ளுது" என்று டிரைவரண்ணன் சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "என்னலே, பேயா தள்ளுது?" என்றார் எடை போடுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அந்தப் பேய்க்கு உருவம் கொடுத்து, கையை மட்டும் நீளமாக வைத்து, விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

முழுப் பரீட்சை லீவு விட்டது. அப்பா என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். குரலைத் தாழ்த்தினார். என்னிடம் அவர் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

"ஏலே, நாளைக்கு லோடு வண்டியில போ. ஊரு பாக்கப் போறேன்னு சொல்லு. ஓடைப் பாலத்து எறக்கத்துல அவன் கையை மட்டும் பாரு. கியர் வெளிய வரும்போது கை அதுல இருக்கா இல்லையா? அம்புட்டுதான். வேற எவனையும் நம்ப முடியாது. நீ நம்ம ஆளு."

நம்ம ஆளு! நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். துண்டு போட்டால்தான் லாரிக்காரன் மாதிரி இருக்கும் என்று நினைப்பு.

போகும்போது எல்லாம் சுகம். டிரைவரண்ணன் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். சிவகாசி தாண்டியதும் வெட்டவெளியில் பட்டாசு காயப் போட்டிருந்த களங்கள் சிவப்பும் பச்சையுமாக ஓடின. "மொதலாளி அனுப்பினாகளா தம்பி, நீயா வந்தியா?" என்றார். "நானாத்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் சந்தோஷமாகவே இருந்தார். கண்ணால் பார்க்க ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே.

திரும்பும்போது பின்னால் சிமெண்ட். வண்டி வேறு மாதிரி முனகியது. ஓடைப் பாலத்து இறக்கம் நெருங்கியதும் டிரைவரண்ணன் சொன்னார்: "தம்பி, இப்பப் பாரு. நல்லாப் பாரு. என் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு, பாத்தியா?"

பார்த்தேன். அதுவரை பார்த்தேன்.

ரோஜாக் குமிழ் ஒரு நடுக்கம் நடுங்கியது. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு வந்தது சத்தம் இல்லை, சத்தம் இல்லாமை. அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. காற்று மட்டும். பின்னால் தார்ப்பாயின் கயிறு படபடவென்று அடிக்கிறது. முன்னால் பாலம் எழுந்து வருகிறது. அத்தனை பாரமும் யாருக்கும் கட்டுப்படாமல், ரகசியமாக நடந்து போகிற மாதிரிப் போகிறது.

நான் என்ன செய்தேன்? துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டேன். குலதெய்வத்தில் ஆரம்பித்து மாரியம்மன், முருகன், பிள்ளையார் என்று கத்தி, போதாதென்று டிரைவரண்ணனின் ஏசுவையும் மாதாவையும் கூப்பிட்டேன். அந்தக் கேபினில் அப்போது திறந்திருந்த சாட்சிக் கண்கள் நாலுதான்; நாலும் காலண்டர் முருகனுடையவை. வண்டி குலுங்கியது, பல் கடிக்கிற சத்தம் வந்தது, இன்ஜின் மறுபடி கத்தியது. துண்டை எடுத்தபோது பாலத்தைத் தாண்டியிருந்தோம். டிரைவரண்ணனின் முகம் வேர்த்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ரசத்துக்கு வந்திருந்தார்.

"பாத்தியாலே?"

"பாத்தேன்."

"கியர் வெளிய வந்துச்சா?"

"வந்துச்சு."

"கை வச்சானா?"

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை நாற்பது வருஷமாக விதவிதமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். 'கண்ணை மூடிக்கிட்டேன்ப்பா.' அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. அப்பா திட்டியிருப்பார். என் அண்ணன் ஒரு மாதம் கேலி செய்திருப்பான். அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் 'நம்ம ஆளு' என்று சொல்லப்பட்ட ஒருவன், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டதை எப்படிச் சொல்வான்? அப்பாவின் கேள்வியிலேயே பதில் பாதி இருந்தது. மீதியை நான் போட்டேன்.

"வச்சாரு."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். "நெனச்சேன்" என்றார்.

மறுநாள் டிரைவரண்ணனிடம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கடை வாசலில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். "மொதலாளி, சின்னப் பிள்ளை என்ன பாத்துச்சோ..." என்று ஆரம்பித்தவர், கம்பி அடுக்குக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார். கேபினில் ஏறி, சிலுவையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். காலண்டர் முருகனை விட்டுவிட்டுப் போனார்.

சின்ன ஊரில் பேர் வைக்க அதிக நேரம் ஆகாது. ஒரு வாரத்தில் அவர் 'நியூட்ரல் டிரைவர்' ஆகிவிட்டார். எந்த லாரி செட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குப் போகிறார் என்று அம்மாதான் ஒருநாள் சொன்னாள். அப்பா பேப்பரைப் புரட்டினார்.

எனக்குத் தூக்கம் போனது. படுத்தால் அந்த 'டக்' கேட்கும். அதற்குப் பின்னால் அந்த அமைதி வரும். வீட்டில் மின்விசிறி நின்றால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வீடே நியூட்ரலில் உருள்கிற மாதிரி இருக்கும். அம்மா திருஷ்டி கழித்தாள். மந்திரிக்கிறவர் வந்து, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று சொல்லி விபூதி போட்டார். பார்க்காததுதான் வியாதி என்று அவரிடம் யார் சொல்வது?

புது டிரைவர் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவசர லோடு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஓட்டக் கிளம்பினார். நானும் ஏறினேன்.

திரும்பி வரும்போது அதே இறக்கம். நான் கண்ணை மூடவில்லை. இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் அப்படித்தான். அப்பாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அவர் பிரேக்கை மிதித்தார். ரோஜா நடுங்கியது. கம்பி, யாரும் தொடாமல், என் கண் முன்னால், நிதானமாகப் பின்னால் வந்தது.

'டக்.'

அந்த அமைதி. கயிற்றின் படபடப்பு. அப்பா கம்பியைப் பிடித்து உள்ளே தள்ளினார். பல் கடித்தது, போகவில்லை. பிரேக்கின் மேல் ஏறி நின்றார். வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போய், ஒரு ஆட்டு மந்தைக்கு முன்னால் நின்றது. ஆட்டுக்காரர் எங்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் வரவேற்றார். அப்பா கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவேயில்லை. வெகு நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கவில்லை. ஆனால் கேள்வி அந்தக் கேபினுக்குள் எங்களோடு உட்கார்ந்து வீடு வரை வந்தது.

லோடை இறக்காமலே மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். அவர் பெட்டியைத் திறக்கப் போனார். அப்பா தடுத்தார். "தெறக்காதே. லோடோட ஓட்டிப் பாரு. காலியில ஓட்டித்தான் கெட்டோம்."

மெக்கானிக் யோசித்தார். வேறு ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் கேபின் தரையில் குப்புறப் படுத்து, கியர் கம்பி தகட்டுக்குள் நுழையும் இடத்துக்கு நேராகத் தலையை வைத்துக்கொண்டார். "எல்லாரும் மேல குமிழையே பாத்தாச்சு. நான் அடியைப் பாக்கேன்." சரிவில் உருள விட்டுப் பிரேக் பிடித்தார்கள். மூன்றாவது தடவை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அண்ணாச்சி, நோயாளி பெட்டி இல்ல. கட்டில்தான் ஆடுது."

இன்ஜினும் கியர் பெட்டியும் உட்கார்ந்திருக்கும் ரப்பர் கட்டைகள் செத்துப்போயிருந்தன. பின்னால் லோடு தள்ள, பிரேக் பிடிக்க, மொத்த இன்ஜினும் இரண்டு விரல் முன்னால் நகர்ந்தது. மூன்றாம் கியருக்குக் கம்பி முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நகர்ந்த கம்பி தகட்டு ஓட்டையின் விளிம்பில் முட்டியது, முட்டியதும் பின்னால் தள்ளப்பட்டது, தள்ளப்பட்டால் நியூட்ரல். காலி வண்டிக்கு அந்தத் தள்ளு இல்லை. கம்பியின் அடியில் சுண்டுவிரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு தேய்மானம். இத்தனை மாதமாக அது அங்கேயே இருந்தது.

"முன்னயும் ரப்பர் ஆடித்தான் இருக்கும். ஆனா ஓட்டை பெருசா இருந்ததுனால முட்டல. இந்தத் தகட்டை எவன் அடிச்சான்?" என்றார் மெக்கானிக், தகடு வெட்டும் கத்தரியைத் தேடிக்கொண்டே.

அப்பா வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அச்சங்குளம் போனார். கம்பெனி கேட்டில் காத்திருந்தோம். டிரைவரண்ணன் வந்தார். முழங்கை வரை வெள்ளி மருந்துத் தூள். வெயிலில் அந்தக் கைகள் மட்டும் வேறு யாருடையவோ மாதிரி மின்னின. அப்பாவைக் கண்டதும் பழக்கத்தில் தலைத்துண்டை எடுத்தார்.

"வாங்க மொதலாளி. சாப்பிட்டீகளா?"

அப்பா நடந்ததைச் சொன்னார். தகடு வரைக்கும் சொன்னார். தப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லிப் பழக்கமில்லாதவர். சாவியை நீட்டினார்.

"இந்தக் கையோட ஸ்டியரிங் பிடிச்சா வழுக்கும் மொதலாளி" என்று சிரித்தார் அவர். "இங்கன பழகிட்டேன். நீங்க வேற ஆளு பாருங்க."

அப்பா சாவியை மடியில் செருகிக்கொண்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்தது வந்தது. என் பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன் உம்ம கையைப் பாத்தேன்னு சொன்னானே. ஏலே, சொல்லு, என்னத்தைப் பாத்த?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் டிரைவரண்ணன் சொல்லிவிட்டார்:

"கை வச்சேனே மொதலாளி. வெளிய வந்த கியரை உள்ள தள்ளுறதுக்கு வச்சேன். பிள்ளை அதைத்தான் பாத்திருக்கும். பாத்ததைச் சொல்லியிருக்கு. விடுங்க."

என் பிடரியில் இருந்த கை தளர்ந்தது. நான் தப்பித்தேன். தப்பித்த அந்தக் கணத்திலேயே அகப்பட்டுக்கொண்டேன். இனி நான் உண்மையைச் சொன்னால் அவர் எனக்காகச் சொன்ன பொய் உடையும். சொல்லாவிட்டால் என் பொய் நிற்கும். பதினோரு வயதுக்கு அது பெரிய கணக்கு. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் திரும்பி வரவேயில்லை. பல வருஷம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். டிரைவரண்ணன் இறந்துபோனதுகூட எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

போன மாதம் படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயுவுக்கே உயில் எழுதுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸம்மா ஐம்பதை நெருங்கியவர். சீட்டில் என் பெயரையும் கடைப் பெயரையும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீங்க சிமெண்ட் கடை சின்ன மொதலாளியா? எங்கப்பா உங்க வண்டியிலதான் டிரைவரா இருந்தாக."

கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே சிரித்தார். "உங்களைப் பத்தி ஒரு கதை சொல்லுவாக. கியர் கழண்டு வண்டி உருளுது, நீங்க துண்டை மூஞ்சியில போத்திக்கிட்டு எல்லாச் சாமியையும் கூப்பிடுறீக, எங்க மாதாவையும் விடல. 'பிள்ளை கடைசி வரைக்கும் கண்ணைத் தெறக்கவே இல்ல'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. சாகுற வரைக்கும் அது எங்க வீட்டுல பெரிய சிரிப்பு."

நானும் சிரித்தேன். கைதேர்ந்த சிரிப்பு. காற்றடிக்கும் பந்தை அமுக்கிக்கொண்டே அவர் கேட்டார், வெறும் பேச்சாகத்தான்: "அன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்கப்பாகிட்ட என்ன சொன்னீக?"

பட்டை கையை இறுக்கியது. வேடிக்கையாக ஏதாவது சொல்லித் தப்பிக்க என்னிடம் எப்போதும் சரக்கு உண்டு. தேடினேன். ஒன்றும் இல்லை.

"உங்கப்பா கை வச்சதைப் பாத்தேன்னு சொன்னேன்."

அவர் அமுக்குவதை நிறுத்தினார். சிரிப்பு முகத்திலிருந்து உடனே போகவில்லை. போக இடம் தேடிக்கொண்டு நின்றது. தாழ்வாரத்தில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். நான் முஷ்டியை மூடியிருந்தேன்.

"கையை இறுக்காதீக" என்றார். "தப்பாக் காட்டும்."

ஒவ்வொரு விரலாக விரித்தேன். அவர் முதலிலிருந்து காற்றடிக்க ஆரம்பித்தார்.